ஃபால்ஸ் உள்ளேதான் இருக்கு

என் கணவர் மஸ்கட்டில் பல வருஷம் வேன் ஓட்டினார். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒரே ஒரு பெட்டியோடு ஊருக்குத் திரும்பியவர், முதல் மாதம் எல்லோரையும் போலத்தான் இருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவதே நின்றுபோயிற்று. உள்ளறைக் கட்டில், கையில் போன், தலைக்கு மேலே ஃபேன். வாசலில் ஆள் அரவம் கேட்டால் தூங்குகிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். ஏன் என்று கேட்டால், "அடுத்து என்ன செய்யப்போறீங்கன்னு கேப்பாங்க. என்னத்தச் சொல்ல?" என்பார்.

எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டை விட்டுப் பிரிகிற தெருவில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு தையல் படித்திருந்தேன். அம்மா வீட்டில் கிடந்த மெஷினைக் கொண்டுவந்து முன்னறையில் போட்டேன். ஜாக்கெட் தைக்கத் தெருவில் ஏற்கெனவே ஆள் உண்டு. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக அந்தத் துணிப்பட்டையை வைத்து, வெளியே தையல் தெரியாமல் பிடிக்க வேண்டும். எனக்கு அது பிடித்த வேலை.

தெருமுனையில் வைக்க ஒரு போர்டு எழுதச் சொன்னேன். பெயின்டர் 'சேலைக்கு' என்பதைத் தமிழில் பொடியாக எழுதிவிட்டு, ஃபால்ஸ் என்பதை ஆங்கிலத்தில் பலகை கொள்ளாத அளவுக்கு எழுதி, கீழே எங்கள் தெருவைப் பார்த்து சிவப்பில் அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தார். பார்க்க எடுப்பாக இருந்தது. ஆனி மாதம் சாரல் தொடங்கிய வாரத்தில் அதை ரோட்டோரம் கட்டினோம்.

மறுநாள் காலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நடுவயதுப் பெண்மணி ஒருவர் இறங்கி வந்தார். பேச்சில் கோயம்புத்தூர்.

"ஏனுங்க, ஃபால்ஸ் இங்கீங்களா?"

முதல் கிராக்கி. எனக்குக் கை கால் ஓடவில்லை. "உள்ளதான் இருக்கு, வாங்கக்கா" என்றேன்.

அவர் என் தலைக்கு மேலாக வீட்டை எட்டிப் பார்த்தார். "கூட்டமுங்களா?"

"இன்னைக்குக் கூட்டமே இல்ல. இப்பவே முடிச்சிரலாம்."

"பொம்பளைங்களுக்குத் தனியா உண்டுங்களா?"

"பொம்பளைங்களுக்கு மட்டும்தான்க்கா."

"அட, நல்லதாப் போச்சு! தண்ணி எப்படிங்க?"

"தண்ணியில நல்லா முக்கிப் பிழிஞ்சு, காயப் போட்டு, இஸ்திரியும் போட்டுட்டுத்தான் அடிப்போம். இல்லன்னா பின்னால சுருங்கிரும்" என்றேன்.

அந்த அம்மாள் ஒரு அடி பின்னால் வைத்தார். கார்ப் பக்கம் திரும்பி, "என்னமோ முக்கிப் பிழிஞ்சு காயப் போடுவாங்களாமுங்க!" என்றார்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. என்னவோ ஏதோ என்று பதறிப் போய்ப் பார்த்தால், என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் நீர் வழிகிறது. அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம்!

"ஏட்டி, அவங்க அருவியக் கேக்குதாங்க!" என்றார். எழுந்து சட்டையை மாட்டினார். நேராகக் காரிடம் போய், "மெயினருவில இப்ப நிக்க எடம் இருக்காது. ஐந்தருவிக்குப் போங்க" என்று வழி சொன்னார். கோயம்புத்தூர் அம்மாளும் அதற்குள் விஷயம் புரிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு கார்கள் வந்தபடியே இருந்தன. ஒவ்வொரு காருக்கும் அவர் எழுந்து வெளியே வந்தார். எந்த அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று குற்றாலத்துக் கடைக்காரர்களிடம் காலையிலேயே போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொண்டார். ஆனால் எதிர்வீட்டு மைனிக்குத் தாங்கவில்லை.

"ஒம் போர்டால எல்லாக் காரும் எங்க வாசல்லதான் ரிவர்ஸ் எடுக்குது. கோலம் போட முடியுதா, வத்தல் காயப் போட முடியுதா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. போர்டை மாற்றிவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுபடி கட்டிலுக்குப் போய்விடுவாரோ என்று எனக்குள் பயம். பெயின்டரிடம் சொல்வதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு வேன் வந்தது. உள்ளே பெரிய குடும்பம், குழந்தைகள். டிரைவர் காய்ச்சலில் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து கிடந்தார். அவரை எங்கள் வீட்டில் படுக்கவைத்து, தெருவில் இருக்கும் டாக்டரிடம் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். வேனில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

என் கணவர் வேனை ஒருமுறை சுற்றி வந்தார். "நான் ஓட்டுதேன்" என்றார்.

மஸ்கட்டிலிருந்து திரும்பியபிறகு ஸ்டியரிங்கையே தொடமாட்டேன் என்று சொன்ன மனுஷன்.

சாயங்காலம் தலை ஈரத்தோடு வந்து இறங்கினார். "குளிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? அங்கன வரைக்கும் போயிட்டு நனையாம வரச் சொல்லுதியா?" என்றார். "மஸ்கட் பழக்கத்துல கியர் போடக் கை வலப்பக்கமே போச்சு. மேலகரம் தாண்டுறதுக்குள்ள சரியாயிட்டு."

காய்ச்சல் தேறிய டிரைவர், அவரைப் பற்றித் தன் முதலாளியிடம் சொல்லிவிட்டார். தென்காசியில் ஒரு சின்ன டிராவல்ஸ். சீசன் முடிகிறவரை வரச் சொன்னார்கள். சீசன் முடிந்த பிறகும் விடவில்லை. இப்போது சபரிமலை, திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று போய்வருகிறார். போர்டையும் மாற்றினோம். 'சேலைக்கு' என்பது பெரிதாகிவிட்டது. அதன் கீழே, 'அருவிக்கு நேரே போகவும்' என்று அவரே சொல்லி எழுத வைத்தார். மைனி வாசல் நிறையக் கோலம் போடுகிறார். தன் மருமகள் சேலைகளையும் என்னிடமே கொண்டுவருகிறார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் மகள் ஒருநாள் கேட்டாள், ஒரே வார்த்தைக்கு ஏன் இப்படி ரெண்டு அர்த்தம் என்று. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது. ஆனால் கொசுவம் நன்றாக விழ வேண்டும் என்றுதான் பெண்கள் ஃபால்ஸ் அடிக்கத் தருகிறார்கள். சாரல் தொடங்கினால் தண்ணீர் விழுதா என்றுதான் ஊரெல்லாம் கேட்கிறது. நம் பேச்சிலும் இரண்டுமே விழத்தானே செய்கின்றன என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, அது சரிதான் என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, கையில் பட்டுச்சேலை பாதியில் இருந்தபோது அவர் போன் செய்தார். பின்னால் இரைச்சல்.

"பழைய குற்றாலத்து அருவில நிக்கேன். கூட்டமே இல்ல. புள்ளயக் கூட்டிட்டு ஒரு ஆட்டோ புடிச்சு வா."

"இந்தச் சேலைய நாளைக்குக் குடுக்கணுங்க" என்றேன்.

"நாளைக்குக் காலையில அடிச்சுக்கலாம். வாட்டி."

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, மகளிடம் மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.