வலிக்காத கால்

பாலைவனத்து நரி ரப்பரைக் கடிக்கும். பசியில் கடிக்கிறதா, விளையாட்டுக்குக் கடிக்கிறதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எண்பதுகளின் நடுவில் சில வருடங்கள் எனக்கு வேலை கொடுத்தவை அந்த நரிகள்தான்.

அபுதாபியில், லீவாவுக்குத் தெற்கே, மணல் மேடுகளுக்கு நடுவில், எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு கம்பெனி எங்களுடையது. கனமான லாரிகள் தரையை அதிர வைக்கும். அந்த அதிர்வை வாங்குவதற்காக மைல்கணக்கில் கேபிள் விரித்திருப்போம். அதற்கு லைன் என்று பெயர். இருட்டியதும் நரிகள் வந்து கேபிளைக் கடித்துவிட்டுப் போகும். மறுநாள் இரண்டு பேர் லைனோடு நடந்து, கடிபட்ட இடத்தைக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். காலையில் ஒரு முனையில் வண்டி இறக்கிவிடும். சாயங்காலம் மறுமுனையில் ஏற்றிக்கொள்ளும். நடுவில் முழுக்க நடைதான்.

நான் ஏழாவதோடு நின்றவன். எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. சாத்தூரில் லாரி கிளீனர், பம்பாயில் மூட்டை தூக்குதல், பஹ்ரைனில், மனாமாவில் குதைபியா பக்கம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுதல். நான்கு சுவருக்குள் இருக்க முடியாமல்தான் இந்த வேலைக்கு வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே கால் இரண்டும் வெந்த உருளைக்கிழங்கு போல உரிந்துவிட்டன. அதன்பிறகு கால் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைத் தோண்டக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவி, பவுடர் போட்டு, இரண்டு சாக்ஸ் மாட்ட வேண்டும். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காமல், ஊசியில் நூல் கோத்து ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்து, நூலை அப்படியே உள்ளே விட்டுவிட வேண்டும். நீர் நூல் வழியே வடிந்துவிடும். காலையில் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டாமல் மாட்டக் கூடாது. ஒருமுறை தட்டியபோது மஞ்சள் தேள் ஒன்று விழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு என்னை முறைத்தது.

என்னோடு நடப்பவர் கீழக்கரைக்காரர். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பதை நெருங்கிய வயது. சவூதியில், ஜித்தாவின் ஷரஃபியாவில், சொந்தமாகத் துணிக்கடை வைத்திருந்தவர். கடை நொடித்ததும் இங்கே வந்து கேபிள் தூக்கினார். கேம்ப்பிலேயே நல்ல கால் அவருடையதுதான். தினமும் ஐந்து வேளை தொழுகைக்காகக் கழுவிக் கழுவி, வெயில் படாத இடம் போல வெளுத்திருக்கும். எத்தனை தூரம் நடந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். நான் நொண்டினால் அவருக்குக் கொண்டாட்டம்.

“என்னடா தம்பி, பொண்ணு பாக்க வந்த மாப்புள மாதிரி எட்டு வைக்கிறே?”

“எரியுது காக்கா.”

“எரியும் எரியும். எனக்குப் பாரு, கொப்புளம்னா என்னன்னே தெரியாது. ஒங்க ஊரு கால் அப்படி.”

அன்று கேம்ப்பை வேறு இடத்துக்கு மாற்றும் நாள். எங்களை வழக்கம்போல லைனில் இறக்கிவிட்டு வண்டி போயிற்று. சாயங்காலம் வரவில்லை. இருட்டும்வரை நின்றோம். திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது, பழைய கேம்ப்பிலிருந்து கிளம்பியவர்கள் நாங்கள் புதிய கேம்ப்புக்குப் போய்விட்டோம் என்றும், புதிய கேம்ப்பில் இருந்தவர்கள் நாங்கள் பழையதில் இருக்கிறோம் என்றும் நினைத்திருக்கிறார்கள். எங்களைத் தேட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விடிந்ததும் பழைய கேம்ப் இருந்த இடத்துக்கு நடந்தோம். அங்கே குப்பைக் குழியும் ஒரு கிழிந்த டயரும்தான் இருந்தன. காற்று சக்கரத் தடங்களை மூடிவிட்டிருந்தது. விட்டுப்போன தொட்டி ஒன்றின் அடியில் துருநாற்றத்தோடு கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதைக் கேன்களில் வடித்துக்கொண்டோம். தண்ணீர் டேங்கர் போகும் பாதை கிழக்கே எங்கேயோ இருந்தது. எங்கள் லைன் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் என்று காக்காவுக்குத் தெரியும். இனி கேபிள் விரிக்க வேண்டிய வழி நெடுக, சிவப்பு ரிப்பன் கட்டிய மரக்குச்சிகளை முன்கூட்டியே நட்டிருப்பார்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டே போவது என்று முடிவு செய்தோம்.

அந்த நடையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேட்டில் ஏறும்போது மணல் காலை உள்ளே இழுக்கும். இறங்கும்போது விரல்கள் பூட்ஸின் முனையில் இடிக்கும். பூட்ஸுக்குள் போன மணல் வியர்வையோடு சேர்ந்து அரத்தைப் போல வேலை செய்யும். என்னிடம் எண்ணெய் இல்லை, பவுடர் இல்லை, ஊசி மட்டும் தொப்பியில் குத்தியிருந்தது. மதியம், விரிப்பதற்காக வழியில் போட்டிருந்த இரண்டு கேபிள் உருளைகளுக்கு மேல் சட்டையை விரித்து நிழல் செய்துகொண்டு, பனியன் நூலை உருவிக் கொப்புளங்களில் கோத்தேன். பக்கத்திலேயே ஒரு முள்வால் ஓணான் வளை வாயில் தலையை நீட்டி, நாங்கள் எப்போது போவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

காக்கா மண்ணைத் தட்டி முகத்தையும் கையையும் தடவிக்கொண்டு தொழுதார். தண்ணீர் இல்லாத இடத்தில் அப்படிச் செய்யலாம். அந்தச் சுத்தத்தில் காலுக்கு வேலையில்லை. பூட்ஸைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றவில்லை. ஒரு நாளில் ஐந்து முறை காலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அந்த இரண்டு நாளும் பார்க்கவேயில்லை.

இருட்டியதும் வழியில் கிடந்த வேறு உருளைகளுக்குப் பக்கத்தில் படுத்தோம். அடுத்த விடியலில் நான் கண்விழித்தபோது அவர் தொழுது முடித்து, உருளையில் சாய்ந்து, காலை நீட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டு, உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். அவருடைய காலடியில் ஒரு நரி இருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. காது மட்டும் முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரிது. அது அவருடைய வலது கால் சாக்ஸைக் கடித்து இழுத்தது. விட்டுவிட்டு நக்கியது. மறுபடியும் இழுத்தது. கால் மொத்தமும் ஆடியது. காக்கா ஓதிக்கொண்டே இருந்தார்.

முதலில் அவர் வேண்டுமென்றே அசையாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். பல் படுவது அவருக்குத் தெரியவேயில்லை என்பது பிறகுதான் உறைத்தது. “காக்கா!” என்று கத்தினேன். நரி நாலு தாவலில் மேட்டில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தது.

“என்னடா, பாம்பா?”

“நரி காக்கா. ஒங்க காலக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு.”

“போடா கோட்டி.” என்றவர் சாக்ஸைப் பார்த்தார். கிழிந்திருந்தது. பழுப்பு நிறச் சாக்ஸ் அடியில் கறுத்து, காய்ந்து, தோல் போல விறைத்திருந்தது. பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி நின்றது. பழைய கேம்ப்பில் குப்பையை மிதித்தபோது ஏறியிருக்க வேண்டும். அதன் மேலேயே ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். சாக்ஸை உரித்தேன். பெருவிரலுக்குக் கீழே பாதத்தில் என் கட்டை விரல் நுழையும் அளவுக்குக் குழி. சுற்றிலும் கருநீலம். நாற்றம் வேறு.

“வலிக்கலையா?”

“இல்ல.” கிழிந்த சாக்ஸைச் சுருட்டி மணலில் வைத்தார். “சர்க்கரை இருக்கு தம்பி, கால் மரத்துக் கெடக்கு. ஊர்லயே இருந்துச்சு. மெடிக்கல்ல என் மச்சான் மூத்திரத்தக் கொடுத்துத்தான் பாஸ் பண்ணுனேன். கேம்ப்புல தெரிஞ்சா கலாஸ், அவ்வளவுதான், அன்னைக்கே ஊருக்கு அனுப்பிருவான். ஊர்ல எனக்கு என்னடா இருக்கு? கடைய மூடிட்டு வந்தவன்னு பேரு இருக்கு.”

கேனைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“குடிக்கிற தண்ணிய கால்ல ஊத்தாதே.”

“ஊத்தாட்டி கால் போயிரும்.”

“ஊத்துனா ஆளே போயிருவோம்.”

மூடியில் கொஞ்சம் மட்டும் எடுத்துக் கழுவினேன். என் பனியனைக் கிழித்துக் கட்டினேன். கட்டி முடித்ததும் அவர் பூட்ஸை எடுத்தார்.

“நீ இங்க இரு. நான் போயி வண்டி கொண்டாறேன். ஒன்னால நடக்க முடியாது. எனக்குத்தான் வலியே இல்லையே.”

அவர் சொன்னதில் தப்பில்லை. என் கால் கெட்டுப்போகவில்லை, ஆனால் ஊன்ற முடியவில்லை. அவருடைய கால் அழுகிக்கொண்டிருந்தது, ஆனால் நன்றாக நடக்கும். இன்னும் ஒரு பகல் அதன் மேல் நடந்தால் கால் இருக்காது. நான் அவருடைய வலது பூட்ஸை எடுத்து, என்னால் முடிந்த தூரத்துக்கு வீசினேன்.

“கிறுக்கா ஒனக்கு?”

“நீங்க இருங்க. அந்த நரி திரும்ப வரும். பாத்துக்கங்க.”

தண்ணீரில் பாதிக்குமேல் அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பூட்ஸ் போட முடியாததால் தொழுகைக்கு விரிக்க அவர் கொண்டுவரும் லுங்கியை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றியிருந்தேன். ஒவ்வொரு குச்சியாகப் போனேன். கொஞ்ச தூரத்துக்குப் பிறகு குச்சிகளில் ரிப்பன் இல்லை. மணல் நிறத்தில் மரக்குச்சி. எதிர்வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. ஒன்றைத் தவறவிட்டேன். அடுத்ததும் கிடைக்கவில்லை. வந்த வழியே திரும்பினேன். என் தடமே வளைந்து போயிருந்தது. ஒரு மேட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அழுதால் தண்ணீர் வீணாகுமே என்று நிறுத்தினேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஒட்டகம் நின்றது. வாயில் சிவப்பு ரிப்பன் தொங்க அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கட்டியதையெல்லாம் தின்றது அதுதான். கல்லெடுத்து எறியலாம் என்றிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், அதன் முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கயிறு கட்டியிருந்தது. கால் கட்டிய ஒட்டகம் வெகுதூரம் போக முடியாது. அதை அவிழ்க்க யாராவது வந்தாக வேண்டும்.

அதன் பின்னாலேயே நடந்தேன். அது குட்டிக் குட்டித் தாவலாகப் போயிற்று; நானும் ஏறக்குறைய அப்படித்தான். எனக்கு அதன்மேல் பாசமே வந்துவிட்டது. வெயில் சாயத் தொடங்கியபோது ஒரு பிக்கப் வந்தது. இறங்கிய கிழவர் முதலில் ஒட்டகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அரபி ஐந்தாறு வார்த்தை. “சதீக்”, சினேகிதன், என்று பின்பக்கம் கைகாட்டினேன். என் காலைக் காட்டி, கையால் வெட்டுவது போலச் சைகை செய்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ, “யல்லா, யல்லா” என்று என்னை ஏற்றிக்கொண்டு என் தடத்தைப் பிடித்தே ஓட்டினார்.

காக்கா அதே உருளையில் சாய்ந்திருந்தார். வலது காலைத் தூக்கி இன்னொரு உருளையின் மேல் வைத்து, கையில் கேபிள் துண்டோடு, அந்தக் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். நாங்கள் இறங்கி வந்தபோதுகூடப் பார்வையைத் திருப்பவில்லை.

“நரி மூணு தடவ வந்துருச்சு. கண்ண மூடுனா கடிச்சாலும் தெரியமாட்டேங்குதுடா. நாள் பூரா என் காலையே காவல் காத்துக்கிட்டு இருக்கேன்.”

கிழவர் எங்களைப் புதிய கேம்ப்பில் கொண்டுவந்து சேர்த்தார். கேம்ப் டாக்டர் பாகிஸ்தான்காரர். காக்காவுக்கு உருது நன்றாக வரும். ஆணி குத்திய காயம், ஒரு ஊசி போட்டுக் கட்டினால் போதும், நாளை மறுநாள் டூட்டிக்கு வருகிறேன் என்று காக்காவே சொன்னார். சர்க்கரை உண்டா என்று கேட்டதற்கு, எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்றார். டாக்டர் காயத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு குண்டூசியை எடுத்தார். கண்ணை மூடச் சொல்லி, “வலித்தால் சொல்லு பாய்” என்று உருதுவில் சொன்னார்.

காக்கா மூடுவதற்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்தார். குசலம் விசாரிக்கிற குரலில், தமிழில் சொன்னார்:

“தம்பி, இவரு குத்துறப்பல்லாம் ஒரு தடவ இருமு. மறந்துராதே.”

நான் கட்டிலருகில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இருமினால் அவர் கத்துவார். கட்டுப்போட்டு அறைக்கு அனுப்புவார்கள். இரண்டு நாளில் லைனுக்கு வந்துவிடுவார், அந்தக் காலோடு. இருமாவிட்டால் ஊர். அந்தக் குழியை நான் கழுவியிருந்தேன். அதன் நாற்றம் என் விரலில் இன்னும் இருந்தது.

ஊசி பெருவிரலில் இறங்கியது. பிறகு சுண்டுவிரலில். பிறகு பாதத்தின் நடுவில். என் தொண்டை முழுக்க மணல்; உண்மையாகவே இருமல் முட்டிக்கொண்டு வந்தது. முஷ்டியை வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணில் நீர் வழிந்தது. காக்கா கண்ணை மூடி, முகத்தைச் சுளிக்கத் தயாராக உதட்டை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் குதிகால்வரை வந்துவிட்டு, ஊசியைத் தட்டில் போட்டார்.

“இன்னும் ஆரம்பிக்கலையா தம்பி?” என்றார் காக்கா.

அன்றே அவரை அபுதாபிக்குக் கொண்டுபோனார்கள். பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள், குதிகால் தப்பியது. அங்கிருந்தே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், நான் பார்க்கவில்லை. கூடப்போன டிரைவர் மட்டும் திரும்பி வந்து, “ஒன் இருமலுக்கு மருந்து வாங்கிக் குடிக்கச் சொன்னாரு” என்றான். எந்த முகத்தோடு சொன்னார் என்று கேட்டேன். ஸ்ட்ரெச்சரில் போர்த்திப் படுத்துக்கொண்டு சொன்னார், முகம் தெரியவில்லை என்றான்.