முப்பத்தொரு வார்னிங்

போன வாரம் திங்கட்கிழமை. தி.நகர் ஆபீஸில் என் கம்ப்யூட்டர் திரையில் முப்பத்தொரு வார்னிங் வரிசையாக வந்து நின்றன. நான் கவலைப்படவில்லை. எரர் என்றால் வேலை நின்றுவிடும். வார்னிங் என்றால்... சும்மா ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதானே?

ரகசியச் செய்திகளைப் பூட்டி அனுப்பும் புரோகிராம் அது. முந்நூறு இலக்க எண்களை வேகமாகப் பெருக்க வேண்டும். அதற்காகவே சிப்புக்கு நேரடியாகப் புரியும் அசெம்பிளி மொழியில் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். சிப் புதுசு, மெட்ராஸுக்கு இன்னும் வரவில்லை. அதைப்போல நடிக்கும் சிமுலேட்டரில்தான் சோதனை. ஆயிரம் பெருக்கல் போட்டேன் — ஆயிரமும் சரி.

பக்கத்து சீட் நசீர் எட்டிப் பார்த்தான். ராயப்பேட்டைக்காரன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான்.

“இன்னா மச்சி, இவ்ளோ வார்னிங் கீது?”

“விடை சரியா வருது. விடு.”

“சிமுலேட்டர் ஒண்ணொண்ணாதான செய்யுது? நெஜ சிப்பு அஞ்சாறு கட்டளைய ஒரே நேரத்துல செய்யும். மேல் வரி கூட்டி முடிக்கறதுக்குள்ள கீழ் வரி போய் விடைய எடுத்துச்சுன்னா? பழைய நம்பர்தான் கெடைக்கும்.”

முதல் வார்னிங்கைப் படித்தேன். அவன் சொன்னதேதான். வெள்ளிக்கிழமை, அந்த சிப் கையில் இருக்கும் வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.

பிரிண்ட் எடுத்து மேஜை முழுக்கப் பரப்பினோம். எந்த வரி எதற்காகக் காத்திருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டோம். நடுவில் ஒரு ‘நில்’ குறி வைத்தால் வார்னிங் போய்விடும், வேகமும் போய்விடும். அதனால் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லாத வேறு கட்டளைகளை மேலே இழுத்து அந்த இடைவெளியில் உட்கார வைத்தோம். பள்ளியில் ‘இரண்டு போட்டு மீதி ஒன்று’ என்போமே — அந்த ‘மீதி ஒன்று’ அடுத்த இலக்கத்துக்குப் போகும் இடத்திலேயே ஒரு வார்னிங் இருந்தது. அது தப்பினால் மொத்த விடையும் தப்பு.

வெள்ளிக்கிழமை வார்னிங் பூஜ்யம்.

“பழசையும் சேத்து அனுப்பு மச்சி. ரெண்டையும் ஓட்டிப் பாக்கட்டும்” என்றான் நசீர்.

மனசே இல்லாமல் அனுப்பினேன்.

நேற்று மெயில் வந்தது. நிஜ சிப்பில் புதியது எல்லாமே சரி. பழையது... மூன்றாவது கணக்கிலேயே அவுட்!

நசீர் என் முதுகில் ஒன்று வைத்தான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேனேஜர் மேடம் எழுந்து வந்துவிட்டார். விடை சரியாக வந்துவிட்டால் நாம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறோம், இல்லையா?

நான் எழுதியது தப்பு என்று நிரூபணமானதற்கு, நானே ஆபீஸ் முழுக்க ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.