தாமதமாக விழிக்கும் செடிகள்

பெற்றவர்களும் சரி, பள்ளிக்கூடமும் சரி, கூடப் பிறந்த அக்காவும் சரி, அவளுக்கு ஒரே பெயரைத்தான் வைத்திருந்தார்கள்: தூங்குமூஞ்சி. காலையில் அவளை எழுப்புவது அந்த வீட்டில் தினமும் நடக்கிற யுத்தம். "உன்னை எழுப்பியே எனக்குப் பாதி ஆயுசு போச்சுடி," என்று அக்கா இன்றைக்கும் புலம்புகிறாள். சோம்பேறி என்று சொல்லிவிடலாமா? சொல்லிப் பாருங்கள், தெரியும்! ஊரே குறட்டை விடும்போது உட்கார்ந்து படித்துத் தாவரவியலில் பட்டம் வாங்கியவள். மத்தியானத்துக்கு மேல் அவள் செய்கிற வேலையை மூன்று பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாது. காலை மட்டும் அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

வேலை கிடைத்தது ஒரு விதைக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில். அங்கே மேலாளர் எட்டு அடிக்க உள்ளே நுழைகிற மனிதர். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அலாரம் என்பார்கள். வந்ததும் பீன்ஸ் செடிகள் வளரும் அறைகளை ஒரு சுற்று சுற்றுவார். பீன்ஸ் செடி இரவில் இலைகளைத் தொங்கவிட்டுத் தூங்கும். விளக்கு எரிவதற்குக் கொஞ்சம் முன்பே, யாரும் சொல்லாமல், இலைகளைத் தூக்க ஆரம்பித்துவிடும். அலாரம் வரும்போது எல்லாம் விறைப்பாக நிற்க வேண்டும். எது தொங்குகிறதோ அது நோஞ்சான். அதன் தொட்டியில் ஒரு சிவப்புக் குச்சியைச் செருகுவார். வாரக் கடைசியில் சிவப்புக் குச்சிகள் எல்லாம் உரக்குழிக்குப் போகும். வருஷக்கணக்காக அங்கே இப்படித்தான் செடிகளைக் கழித்தார்கள்.

நம்மவள் வந்து சேர்வது எப்போதும் பத்துக்கு மேல்தான். ஒரு நாள் அதைவிடவும் தாமதம். உள்ளே வந்தால், சிவப்புக் குச்சி செருகிய ஒரு வரிசை முழுவதும் இலைகளை அகல விரித்துக்கொண்டு ஜம்மென்று நிற்கிறது! மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். அத்தனையும் ஒரே தாய்ச்செடியின் விதைகள்.

"அடிப்பாவிகளா, நீங்களும் என் கட்சியா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. காலையில் மட்டும் பார்த்துவிட்டு இத்தனை வருஷமாக எதையெல்லாம் குழியில் கொட்டினார்களோ!

இலைகளைக் கிள்ளி, மரபணுக்களை ஆராயும் பிரிவுக்கு அனுப்பினாள். விடை வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்த அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"செடிக்குள்ள ரெண்டு ஷிப்டு இருக்குக்கா. காலையில எழுந்திரிக்கிற ஜீன் ஒரு புரதத்தைச் செய்யும். அது சாயங்கால ஜீனைத் தலைதூக்க விடாது. அந்தப் புரதம் தேஞ்சதும் சாயங்கால ஜீன் எழுந்து, காலை ஜீனைப் போட்டு அமுக்கும். இப்படி மாத்தி மாத்தி அமுக்கி ஒரு சுத்து வந்தா ஒரு நாள். வெளிச்சம் கடிகார முள்ளைத் திருத்தி வைக்கும், அவ்வளவுதான். கடிகாரம் ஓடுறது உள்ளதான்."

"சரி, உன் செடிக்கு என்ன கேடு?"

"சாயங்காலப் புரதத்தை அப்புறப்படுத்த இன்னொரு ஜீன் இருக்கு. இதுங்களுக்கு அதுல சின்னப் பழுது. சாயங்கால ஷிப்டு வீட்டுக்குப் போக மாட்டேங்குது. அப்புறம் காலை ஷிப்டு எப்படி நேரத்துக்கு வரும்?"

அக்கா கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "அப்போ அது சோம்பேறித்தனம் இல்லையா?"

"இல்லக்கா."

அக்கா அந்தக் கவளத்தை அவளுக்கே ஊட்டிவிட்டாள். பாவம், எத்தனை வருஷத்துத் திட்டு ஞாபகம் வந்ததோ.

வாரக் கடைசியில் அலாரம் வந்து நின்றார். "இதெல்லாம் ஏன் இன்னும் இங்க இருக்கு? கொட்டச் சொன்னேனே."

"கொட்ட மாட்டேன் சார்."

"என்னம்மா சொன்ன?"

"கொட்ட மாட்டேன்னு சொன்னேன். இதுங்களுக்கு நோய் இல்ல, கடிகாரம் மெதுவா ஓடுது. நீங்க சாப்பிடுற தக்காளிக்கும் காட்டுத் தக்காளியவிட மெதுவாத்தான் ஓடுது. அதைக் குழியில கொட்டிட்டாங்களா?"

"லேட்டா வர்றவளுக்கு லேட்டா எழுந்திரிக்கிற செடி. நல்ல ஜோடி!" என்றார் அலாரம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பாரு, பக்கத்துச் செடியில பாதி உசரம் இல்ல."

அது உண்மை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை. "நம்ம நாள் அதுங்களுக்குப் பொருந்தல சார். கொஞ்சம் நீளமான நாளாக் குடுத்துப் பார்க்கிறேன், ஒரு ரூம் குடுங்க. வளரலேன்னா நானே கொட்டுறேன், நானும் போயிடுறேன்."

"பழைய சாமான் ரூமை எடுத்துக்க," என்றார் அலாரம். செடியையும் அவளையும் ஒரே செலவில் தொலைக்கலாம் என்று அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

"போயும் போயும் பீன்ஸை நம்பியா வேலையைப் பந்தயம் கட்டுவ?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டாலும், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்தது அவள்தான்.

உடைந்த தள்ளுவண்டிகளை வெளியே தள்ளி, விளக்குகள் மாட்டி, பகலையும் இரவையும் ஆளுக்கு ரெண்டு மணி நேரம் இழுத்து நீட்டினாள். இரண்டு வகைச் செடிகளும் பக்கத்தில் பக்கத்தில். அந்த அறைக்கு இன்று மத்தியானம் விடிந்தால் நாளை சாயங்காலம் விடியும். அதற்கேற்ப அவளும் வந்துபோனாள்.

பூ விடும் சமயத்தில் அலாரம் பார்க்க வந்தார். தூங்குமூஞ்சிகள் கரும்பச்சையாய்க் கொழுத்து நின்றன. அவருடைய சுறுசுறுப்புச் செடிகள் வெளுத்து, மெலிந்து போயிருந்தன. மண்ணை முகர்ந்தார். உரத்தில் தில்லுமுல்லு என்றார். "அப்ப நீங்களே போட்டுப் பாருங்க," என்றாள். தன் கையால் விதைத்து, தன் கையால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். திரும்பவும் அதேதான். மனிதர் மூஞ்சியில் ஈயாடவில்லை.

மன்னிப்பா? அந்த வழக்கமெல்லாம் அவருக்கு ஏது! கோடைப் பகல் நீண்டு கிடக்கும் தேசங்களுக்கு இதிலிருந்து ஒரு ரகம் எடுக்கலாம் என்று கம்பெனிக்கு ஆசை வந்ததும், "நம்ம கண்டுபிடிப்பு" என்று பேசத் தொடங்கினார்.

ஒரு காலை, எட்டு அடிக்க, மேலிடத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறையின் பகல் அப்போதுதான் முடிந்திருந்தது. வேலையை முடித்துவிட்டு அவள் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கதவைத் திறம்மா, இவங்க பார்க்கணும்."

"இப்ப முடியாது சார். உள்ள ராத்திரி."

"மணி எட்டும்மா!"

"அது உங்களுக்கு. இப்ப வெளிச்சம் பட்டா அதுங்க கடிகாரம் குழம்பிடும். திறக்க மாட்டேன்."

அலாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பின்னால் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு, உள்ளே யாரோ தூங்குவது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அப்போ எப்ப வரலாம்?"

"ராத்திரி பத்துக்கு விடியும்," என்றாள் அவள். "லேட் பண்ணிடாதீங்க சார்."