ஒன்பதாம் வகுப்பின் சிவப்புக் கட்டங்கள்

எங்கள் கணக்கு வாத்தியார் அமிர்தராஜ் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் அவரைத் திட்டத்தான் போகிறேன். பாலவனத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, திருச்சுழி தாண்டி இருக்கும் எங்கள் பள்ளிக்குச் சொந்த லேப்டாப்பும் புரொஜெக்டருமாக வருவார். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் நின்று இரண்டு வருஷமான பள்ளி அது. அங்கே சுவரில் எக்ஸெல் கட்டங்களை விழவைத்துச் சராசரி, வரைபடம் எல்லாம் நடத்துவார். பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவையே பாடமாக்கினார். ஆளுக்கு ஒரு வரிசை. வராத நாளெல்லாம் சிவப்பு.

"இதுல ஏதாச்சும் ஒழுங்கு தெரியுதா, சொல்லுங்க பாப்போம்."

தங்கபாண்டி துள்ளி எழுந்தான். "சார், பாண்டீஸ்வரிக்கு மாசாமாசம் நாலு நாளு செவப்பு சார்! சொல்லி வச்ச மாரி வருது!"

"சபாஷ்லே!" என்று கைதட்டினார். அட பாவி மனுஷா! பின் பெஞ்சில் சிரிப்புக் கிளம்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஆண்டவரே" என்று திரையை அணைத்தார். குனிந்த பாண்டீஸ்வரி மணி அடிக்கும்வரை நிமிரவில்லை. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் உள்ளேயே இருந்துகொண்டாள். அம்மா சந்தனம்மாள்தான் பேசினாள்.

"தூரமானா பள்ளிக்கூடத்துல கழுவிக்கிடத் தண்ணி இல்லேன்னுதான் சார் அந்த நாலு நாளும் வீட்ல இருந்துச்சு. நர்ஸுக்குப் படிப்பேன்னு சொல்லிக்கிட்டு இருந்த புள்ள. இனி எந்த மொகத்தோட வரும்? பருத்தி எடுக்கப் போறேங்குது."

"தப்பு எம்மேலதாம்மா," என்று அவர் கைகூப்பி அழுதார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் நான் யார்? அந்தப் பிள்ளைகளின் வகுப்பாசிரியை. மாசாமாசம் அந்த நாலு நாளும் அவளுக்கு 'வரவில்லை' என்று போட்ட கை என்னுடையது. பொம்பளையாக இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே நான்!

அமிர்தராஜ் பெண்பிள்ளைகள் வராத நாட்களையெல்லாம் பெயரில்லாமல் கூட்டி, தண்ணீர் கேட்டு எழுதிய மனுவோடு வைத்து, ஆபீஸ் ஆபீஸாக அலையாய் அலைந்தார். மூன்றாம் மாதம் குழாயில் தண்ணீர் வந்தது.

பாண்டீஸ்வரி வரவில்லை. பெயரை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நான்தான் அவள் வரிசையை அழித்தேன். கீழே வகுப்பின் வருகைச் சராசரி எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூறுக்கு ஏறியது.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒம்பதாவது நல்லா முன்னேறிருச்சே டீச்சர்," என்றார்.