செரை மணத்த பொந்தியான் சாலை

காலை ஆறரை மணிக்கு ஜொகூர் பாருவில் பஸ் ஏறினேன். பெக்கான் நானாஸ் ஏறக்குறைய முப்பது மைல். எனக்கு அறுபது காசு, என் மரப்பெட்டிக்கு இருபது காசு. "பெட்டியில என்னங்க?" என்று டிரைவர் சின்னப்பன் கேட்டார். "தேன்" என்றேன். பொய்யில்லை, தேனோடு தேனீக்களும் இருப்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருந்தால் நான் நடந்துதான் போயிருக்க வேண்டும்.

நாகர்கோவில் பக்கம் எட்டு வருஷம் தேனீ வளர்த்தவன் நான். மலாயாவுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியும் அந்தத் தொழிலைத் தெரிந்தவன் என்று யாரும் என்னைச் சீந்தவில்லை. கடைசியில் பெக்கான் நானாஸில் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் துரை ஒருவர், ஒரு தேனீக் கூட்டத்தை உயிரோடு கொண்டுவந்து காட்டினால் வேலை தருவதாகச் சொன்னார். காட்டாவிட்டால் ஊருக்குக் கப்பல் ஏறுவதுதான் வழி. "என்னை அழைத்துக்கொள்வீர்களா, நீங்களே திரும்பி வருவீர்களா?" என்று என் மனைவி தங்கம் எழுதிய கடிதம் மூன்று வாரமாகச் சட்டைப்பையில் கிடந்தது.

ஏழே கால் மணிக்கு ஸ்கூடாய். அங்கே பாக்கியம் அக்கா ஏறினார். பொந்தியான் சந்தையில் காய்கறி விற்கிறவர். சாக்கு போட்டு மூடிய ஒரு கூடையைப் பஸ்ஸின் பின்பக்கம் என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளிக்குங்க தம்பி" என்று என்னருகில் உட்கார்ந்தார். சாலையின் இருபுறமும் ரப்பர். அது முடிந்ததும் அன்னாசி, கண்ணுக்கெட்டிய வரை முள்ளும் முள்ளுமாக. இதைப் பார்த்துப் பழத்தின் மேல் யாருக்கு முதலில் ஆசை வந்தது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

எட்டு மணி சுமாருக்கு ஒரு மரப்பாலத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. பெட்டி எகிறிக் கூடையின் மேல் விழுந்து மூடி திறந்துகொண்டது. அடுத்த நிமிஷம் பஸ்ஸில் மனிதர் எவரும் இல்லை.

"தேனுன்னுதானே சொன்னீங்க?" என்றார் சின்னப்பன், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே. ஆனாலும் நல்ல மனிதர். பெட்டியையும் கூடையையும் இழுத்துச் சாலையோரம் இறக்கினார். இரண்டு கொட்டு வாங்கினார்.

நான் மூடியைப் பொருத்திவிட்டு நின்றேன். பறந்தவை பெட்டிக்கு வரவில்லை. கூடையின் மேல் கொத்துக் கொத்தாக உட்கார்ந்தன. ராணி அங்கே போய்விட்டாள் என்று நினைத்தேன். ராணி இல்லாத பெட்டி வெறும் பலகை. ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கப் போனேன்.

"பாத்துங்க, அதுல செரை இருக்கு. கைய அறுத்துரும்" என்று சின்னப்பன் கத்தினார்.

பதற்றத்தில் பின்பாதி காதில் ஏறவில்லை. முன்பாதி 'சாரை இருக்கு' என்று ஏறியது. பத்தடி பின்னால் பாய்ந்தேன்.

"ஏன் தம்பி, என்னாச்சு?" என்றார் பாக்கியம் அக்கா.

"பாம்பை எதுக்கு அக்கா சந்தைக்குக் கொண்டுபோறீங்க?"

அவருக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அலமாக், சாரை இல்ல தம்பி, செரை. கறிக்குப் போடுற புல்லு லா. மலாய்க்காரங்க வீட்ல இது இல்லாம சட்டியே ஏறாது."

அருகே போய் மோந்தேன். நம் எலுமிச்சம்புல். பெட்டி விழுந்ததில் தண்டுகள் நசுங்கி மணம் தூக்கியது. எனக்கு மிகவும் தெரிந்த மணம். வழிதவறிய தன் கூட்டத்தை அழைக்க, தேனீ வாசலில் நின்று வாலைத் தூக்கிச் சிறகை அடிக்கும். அப்போது வால்நுனியிலிருந்து இதே வாசம்தான் வரும். நான் ஒரு சொல்லில் ஏமாந்தேன், அவை ஒரு வாசத்தில் ஏமாந்திருந்தன.

அப்படியானால் ராணி எங்கே? குனிந்து பெட்டி வாசலைப் பார்த்தேன். ஏழெட்டுத் தேனீக்கள் வாலைத் தூக்கிச் சிறகடித்துக்கொண்டிருந்தன. ராணி இல்லாத வாசலில் அவை இப்படி அழைக்காது; ராணி உள்ளேதான் இருந்தாள். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, ரெண்டு தண்டு கொடுங்க" என்று வாங்கி, கசக்கிப் பெட்டி வாசலில் தேய்த்தேன். கூடையை உதறிப் பஸ்ஸுக்குள் ஏற்றி, தார்ப்பாயால் மூடினோம். திகைத்துச் சுற்றியவை ஒவ்வொன்றாக வாசலில் இறங்கின. இறங்கியவற்றில் சில தாமும் வாலைத் தூக்கிக் கூப்பிட, வரவு கூடியது. முக்கால் மணி நேரம் பஸ் எனக்காக நின்றது. "போலாமா?" என்று இரண்டு தடவைதான் கேட்டார் சின்னப்பன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில், ஒரு கொட்டாங்கச்சியில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். துரை கைகட்டி நின்றார். நெடுநேரம் கழித்து ஒரு தேனீ வந்து குடித்துப் போனது. திரும்பி வந்தபோது விளிம்பில் நின்று வாலைத் தூக்கிச் சிறகடித்தது. இன்னொன்று வந்தது. பிறகு ஐந்தாறு. துரை கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை முதல் எனக்குப் பேர் போடச் சொன்னார்.

எங்கள் ஊரில் தேனீக்கள் முருங்கைப்பூவைத் தேடும், இங்கே தென்னம்பாளை. மற்றபடி அழைக்கிற வாசம் இரண்டு ஊரிலும் ஒன்றே. அன்று மத்தியானமே தங்கத்துக்குப் பதில் எழுதினேன்: "புறப்பட்டு வா." உறைக்குள் ஒரு செரை இலையை மடித்து வைத்தேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இங்கே இதைச் செரை என்பார்கள். யாராவது சொன்னால் ஓடாதே."