அங்கே யார் காத்திருக்கிறார்கள்?

பிரேசர் டவுனில், மலேசியாவுக்குச் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் அந்த அம்மாளைச் சந்தித்தேன். மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கும். யார் வந்தாலும், எடையைக் கேட்பதற்கு முன்பே, "அங்க யாரு காத்துட்டிருக்காங்க?" என்பார். காத்திருப்பது கடைக்காரர் என்றால் கப்பல்; கல்யாண வீடு என்றால் விமானம்.

"என் அண்ணன்," என்றேன். "அடுத்த மாசம் அவர் தவறி ஒரு வருஷம். அங்க அவர் கல்லறையில வைக்கிற கிரானைட் கல்லு மேடம். ஏர்லயே போட்டுடுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

"இந்த வெயிட்டுக்கு ஏர்ல ரொம்ப ஆகும் சார். கப்பல்ல போட்டா தேதி தள்ளிப்போகும். அண்ணன்தானே, கோவிச்சுக்க மாட்டாரு."

கப்பலிலேயே அனுப்பினேன். நினைவு நாளன்று கல் நடுக்கடலில் இருந்தது. அன்று நான் எப்படி அவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்பது இன்னும் பிடிபடவில்லை.