இடுப்பைப் பிடித்த கை

என் மேசை இழுப்பறையில் ஓர் ஊக்கு கிடக்கிறது. துருப் பிடித்துவிட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியின் பி.டி. டீச்சர் கொடுத்தது. ஐரோப்பாவில் ஒரு நாட்டுப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் எப்படி ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், பந்து பிடிக்கிறார்கள் என்று ஒப்பிடும் ஆய்வுக்காக நான் அங்கே மதிப்பெண் போடப் போயிருந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் புழுதி பறக்க ஓடினார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு கை வீசவில்லை. அது இடுப்பைப் பிடித்திருந்தது. வளர்கிற பிள்ளைகள் என்று வீட்டில் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துத் தைத்த சீருடை, பிடிக்காவிட்டால் நழுவிவிடும். என் தாளிலோ இரு கைகளும் மாறி மாறி வீசுகின்றனவா என்றுதான் கேட்டிருந்தது. வரிசையாகச் சுழியம் போட்டேன். அப்போது எனக்கு விதிதான் வேதம்.

மறுநாள் காலை தாவலுக்கு மதிப்பெண் போட நான் போனபோது டீச்சர் ஒவ்வொரு இடுப்பிலும் ஊக்குக் குத்திப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தார். கடையில் வாங்கியது போதாமல், தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்தவற்றிலும் ஒன்றை மட்டும் விட்டுக் கழற்றிக் குத்தியிருந்தார்.

"ஏனுங்க, இன்னொருக்கா ஓடச் சொல்லிப் பாருங்க. இப்பக் கை வீசுவாங்க. நான் தற்காலிகந்தானுங்க. இந்த மார்க்கைப் பாத்துத்தான் என்னை வெச்சுக்கறதான்னு முடிவு பண்ணுவாங்களாம்."

"ஒரு தடவைதான் டீச்சர். விதி அப்படி."

"சரீங்க" என்றார். முகம் வாடியது. நான் கிளம்பும்போது என் பையின் வார் அறுந்தது. கொடியில் மிச்சமிருந்த ஒரே ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டார்.

"பஸ் ஏறோணுமில்லீங்க."

தாளின் அடியில் குறிப்பு எழுத இரண்டு கோடு இடம் இருந்தது. சீருடை தளர்வு என்று எழுதியிருந்தால் போதும். சோம்பலோ திமிரோ, காலியாக விட்டேன். நம் பிள்ளைகளுக்குக் கை அசைவு போதாது என்று அறிக்கை வந்தது. அடுத்த வருஷம் அந்தப் பள்ளியில் டீச்சர் இல்லை.

போன கோடையில் கோவையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். சீருடைப் பிரிவில், கழுத்தில் அளவு நாடாவோடு அவர் நின்றிருந்தார். ஒரு சிறுமிக்குப் பாவாடை மாட்டி, இடுப்பில் விரல் விட்டுப் பார்த்து, "எங்கே, ஓடிக் காட்டு கண்ணு" என்றார். துணி அடுக்குகளுக்கு நடுவே அவள் இரண்டு கையும் வீசி ஓடினாள். டீச்சர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. தூண் மறைவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படியிறங்கிவிட்டேன். ஊக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று ஒரு சாக்குச் சொல்லியாவது போயிருக்கலாம். அது இன்னும் இழுப்பறையில்தான் கிடக்கிறது.